பத்து நீளக் குச்சி, ஐந்து குட்டைக் குச்சி

பிராட்வேயில் ஒரு மொத்தக் காகிதக் கடையில் கணக்கு எழுதியே என் உத்தியோக காலம் முடிந்தது. எங்களுக்கு மாதம் தெரியக் காலண்டர் தேவையில்லை, சரக்குப் புத்தகம் போதும். ஜூன் என்றால் நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் தாள். ஆகஸ்டில் மூவர்ணத் தோரணம், பின்னாலேயே ஓணத்துக்கு வர்ணத் தாள். புரட்டாசியில் தங்க ஜிகினா, வெள்ளி ஜிகினா. நவம்பர் கடைசி வாரம் தொடங்கி டிசம்பர் 24 இரவு ஷட்டர் இறங்கும் வரை நட்சத்திரத் தாள். பிரவுன் தாளை யார் வேண்டுமானாலும் வந்து வாங்குவார்கள். மற்றவற்றுக்குப் பெரும்பாலும் ஒரு அப்பா வருவார். கூடவே கவுண்டருக்கு மேலே கண் மட்டும் தெரிகிற உயரத்தில் ஒரு பிள்ளை.

கொச்சியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மிளகில் தொடங்குவார்கள், போர்ச்சுகீசியர், டச்சுக்காரர், வெள்ளைக்காரர் என்று வரிசையாக வந்து துறைமுகத்தில் முடிப்பார்கள். திண்ணையில் அப்பாவும் பிள்ளையும் உட்கார்ந்து ஒட்டியதும் கட்டியதும் அந்த வரலாற்றில் வராது. கணக்குப் புத்தகத்தில் வரும். எந்த வருஷம் எந்தச் சரக்கு ஓடியது, எது தூசி படிந்து கிடந்தது என்று பார்த்தால் வீடுகளில் கை என்ன வேலை செய்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம். கடை வந்ததால் கைவேலை போயிற்று என்று இப்போது மேடையில் பேசுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கொச்சியில் அப்பாக்களின் கைவேலை என்றைக்குமே கடையை நம்பித்தான் நடந்தது. கடை எந்தப் பக்குவத்தில் பொருளைக் கையில் கொடுத்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தெருவைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எர்ணாகுளத்தில் ஒரு காலத்தில் காயலை ஒட்டி ஓடிய ஷண்முகம் ரோட்டுக்கு உட்புறம், அதற்கு இணையாகப் போகிற குறுகலான கடைத்தெரு பிராட்வே. ஷண்முகம் நம்ம கோயம்புத்தூர்க்காரர். ஆர். கே. சண்முகம் செட்டியார் 1935 முதல் 1941 வரை கொச்சி சமஸ்தானத்துக்குத் திவானாக இருந்தார், பிறகு சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆனார். என் சிறுவயதில் அந்த ரோட்டைத் தாண்டினால் தண்ணீர்தான். இன்றைக்கு ஜனங்கள் உலாவுகிற மரைன் டிரைவ் பின்னால் மண்ணடித்து எடுத்த நிலம். பிராட்வேயின் ஒரு பக்கம் சந்தையும் சந்தைக்குள் சரக்கு வள்ளம் வரும் கால்வாயும். பக்கத்திலேயே துணிக்கடைச் சந்துகள், யூதத் தெரு, அசிசி பிரான்சிஸ் பேராலயம், செயின்ட் மேரீஸ் பசிலிக்கா. மட்டாஞ்சேரிக்காரர்களான எங்களுக்கு அது அக்கரை. மிளகு, சுக்கு, கொப்பரை எல்லாம் இக்கரையில் மொத்தமாகக் கிடைக்கும். ஒரு கட்டு டிஷ்யூ தாளும் அரை டஜன் கில்ட் தாளும் வேண்டுமென்றால் படகு ஏற வேண்டும்.

என் அப்பா திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து பஜார் ரோட்டில் ஒரு சுக்கு மிளகுக் கிடங்கில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். நாங்கள் கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். அந்த வரிசையில் இருந்த அப்பாக்கள் எல்லோருமே கிடங்கிலிருந்து எதையாவது சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவார்கள். சாக்குத் தைத்து மிஞ்சிய சணல் நூல், வளைந்துபோன கோணி ஊசி, கட்டுக் கம்பி. தேயிலைப் பெட்டி கிடைத்தால் அது லாட்டரி. கொச்சியில் தேயிலை ஏலம் 1947-ல் தொடங்கியது. பிளைவுட் பெட்டிக்குள்ளே ஈயத்தாள் மாதிரி பளபளவென்று அலுமினியத் தாள் ஒட்டியிருக்கும், ஓரங்களில் தகரப் பட்டை அடித்திருக்கும். பெட்டியைப் பிரித்தால் பலகை கொலுப் படிக்கு ஆகும், தாள் கொலுவில் ஓடும் ஆற்றுக்கு ஆகும், தகரத்தை வெட்டினால் விமானத்துக்கு இறக்கை ஆகும். அந்தத் தகரம் கையைக் கிழிக்கும் என்பதால் அது மட்டும் அப்பா வசம்.

கொலுவில் பொம்மை வைப்பது அம்மாவின் ராஜ்யம். படிக்குக் கீழே தரையில் போடும் ‘பார்க்’ அப்பாவும் பிள்ளைகளும் செய்வது. ஒரு வாரம் முன்னால் பழைய தகரத் தட்டுகளில் மண் பரப்பிக் கேழ்வரகும் கடுகும் தெளிக்க வேண்டும். கேழ்வரகு மூன்று நாளில் முளை காட்டும், கொலு தொடங்கும்போது விரல் உயரம் புல்லாக நிற்கும். உடைந்த முகக்கண்ணாடி குளமாகிவிடும். மரத்தூளுக்குச் சாயம் போட்டால் ரோடும் மலையும் தயார். இதில் எனக்கு எப்போதும் வேடிக்கையாகப் படுவது, இரண்டு மாதம் கழித்து எங்கள் வரிசையில் கடைசி வீட்டு லத்தீன் கத்தோலிக்கர் இதையே திரும்பச் செய்வார். கேழ்வரகுக்குப் பதில் நெல். அதே தட்டு, அதே கண்ணாடி, அதே மரத்தூள். எங்கள் குளத்தில் நீந்திய செல்லுலாய்டு வாத்துகள் டிசம்பரில் அவர்கள் குடிலுக்குக் கடன் போகும். மலையாளத்தில் புல்கூடு என்பார்கள். பிள்ளைகளான நாங்கள் இரண்டு வீட்டிலும் கை வைத்ததால் எது யாருடைய வித்தை என்று யோசித்ததே இல்லை.

குடிலுக்கு எழுதப்பட்ட பிறந்த வருஷம் உண்டு. 1223-ல் இத்தாலியில் கிரெச்சியோ என்ற ஊரில் அசிசி பிரான்சிஸ் ஒரு குகையில் வைக்கோல் போட்ட தொட்டியும் உயிருள்ள மாடும் கழுதையும் வைத்துக் கிறிஸ்து பிறப்பைக் காட்டினார். சிலைகளும் சின்னப் பொம்மைகளும் அதற்குப் பின்னால் வந்தவை. அவர் பெயரில்தான் பிராட்வேக்குப் பக்கத்தில் பேராலயம் நிற்கிறது. டிசம்பர் முழுக்க அதன் நிழலில் களிமண் ஆட்டுக்குட்டி விற்கிறவர்களுக்கு இந்தச் சங்கதி தெரியுமோ தெரியாதோ, வியாபாரம் நடக்கிறது.

யூதத் தெருவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மட்டாஞ்சேரியில் ஒரு யூதத் தெரு, எர்ணாகுளத்தில் பிராட்வேக்கு அருகே இன்னொன்று. செப்டம்பர், அக்டோபர் வாக்கில் வரும் சுக்கோத் பண்டிகைக்கு யூதர்கள் வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு அதில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். கூரை செடி கொடியிலிருந்து வெட்டியதாக இருக்க வேண்டும், ராத்திரியில் இடுக்கு வழியே நட்சத்திரம் தெரிய வேண்டும் என்று அவர்கள் சாஸ்திரம். கொச்சியில் இதற்கு எங்கே அலைய வேண்டும்? தென்னங்கீற்றுதான். ஆண்கள் கழி நட, பையன்கள் கீற்று எடுத்துக் கொடுக்க, பெண்பிள்ளைகள் உள்ளே தொங்கவிடப் பழமும் பூவும் கோக்க, பந்தல் எழும்பும். 1950-களின் நடுவில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். எர்ணாகுளத்தின் கடவும்பாகம் ஜெபக்கூடம் 1972-ல் மூடப்பட்டது. பின்னால் அதன் முன்பக்கத்தில் செடிக் கடையும் அலங்கார மீன் கடையும் வந்தன. எங்கள் கடையில் தாள் வாங்கிய அப்பாக்கள் பலர் அடுத்து அங்கே போய்ப் பிள்ளைக்கு இரண்டு மீன் வாங்கிக்கொண்டு பிளாஸ்டிக் பையைத் தூக்கிப் பிடித்தபடி படகுக்கு நடப்பார்கள்.

இனி நட்சத்திரம். இதில் கொஞ்சம் நின்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் கடையின் வருஷ லாபத்தில் பெரும்பங்கு இதில்தான் இருந்தது.

கேரளத்துக் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஐந்து முனை உள்ளது, நடுவில் புடைத்திருக்கும், உள்ளே விளக்கு. எலும்புக்கூடு ஈற்றாவில் செய்வது. ஈற்றா என்பது மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆற்றோரம் புதராக வளரும் மெல்லிய மூங்கில் இனம். கூடை, முறம், பாய் எல்லாம் அதில் முடைவார்கள். அந்தத் தொழிலுக்குப் பெயர் போன ஊர் கொச்சிக்கு வடக்கே அங்கமாலி. கேரள மாநில மூங்கில் கழகத்தை 1971-ல் அரசு அங்கேதான் நிறுவியது. ஈற்றாக் கட்டு வள்ளத்தில் எர்ணாகுளம் சந்தைக்கு வரும்.

செய்முறை இது. ஒரே நீளத்தில் பத்துக் குச்சி. பச்சை மாறாத ஈற்றாவைக் கத்தியால் நாலாகப் பிளந்து, உள்பக்கத்துச் சதையைச் சீவி, வெளித்தோல் அப்படியே இருக்கும்படி விட வேண்டும். தோலில்தான் வலு. ஐந்து குச்சியை ஒன்றின் மேல் ஒன்று, ஒன்றின் கீழ் ஒன்று என்று மாற்றி மாற்றிக் கோத்து ஐந்து முனை நட்சத்திரமாகத் தரையில் பரப்புவார்கள். இரண்டடிக் குச்சியானால், ஒவ்வொரு முனையிலிருந்தும் 9 அங்குலமும் ஒரு நூலும் தள்ளி அடையாளம் போட வேண்டும். நடுவில் ஐந்தே முக்கால் அங்குலம் மிஞ்சும். குச்சிகள் அந்த அடையாளங்களில்தான் ஒன்றையொன்று வெட்ட வேண்டும். கிரேக்கர்கள் காலத்திலிருந்து கணக்குக்காரர்கள் கொண்டாடுகிற பொன் விகிதம் இதுதான் என்பதை என் பிள்ளையின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டியபோது தெரிந்துகொண்டேன். அப்பாவுக்கு அது தெரியாது. அவருடைய பழைய அளவுக்குச்சி ஒன்று உத்திரத்தில் செருகியிருக்கும், அதில் கத்தி முனையால் இரண்டு கீறல். அவ்வளவுதான் அவருடைய கணிதம்.

இப்படி இரண்டு நட்சத்திரம். ஒன்றின் மேல் ஒன்றை வைத்து ஐந்து முனைகளையும் நூலால் கட்டுவார்கள். பிறகு உள்ளே ஐந்து வெட்டுப் புள்ளிகளிலும் நாலு அங்குலக் குட்டைக் குச்சியை முட்டுக் கொடுத்து நிறுத்த, தட்டையாகக் கிடந்தது மூச்சு இழுத்ததுபோல் புடைத்து எழும். பிள்ளைகள் அந்த நிமிஷத்துக்காகத்தான் உட்கார்ந்திருப்பார்கள். முட்டு ஒரு அங்குலம் நீளமானாலும் குச்சி முறியும், குறைந்தால் நட்சத்திரம் சப்பட்டையாகப் போகும்.

வேலைப் பங்கீடு எழுதாத சட்டம். ஐந்து வயதுப் பிள்ளை நூல் உருண்டையைப் பிடிக்கும். ஏழெட்டு வயதில் பசை தடவலாம். பத்து வயதில் தாள் வெட்டலாம். கத்தி மீசை அரும்பும் வரை கிடையாது. பெண்பிள்ளைக்குக் கத்தி எப்போதுமே கிடையாது என்றிருந்த வீடுகளும் உண்டு. என் வீட்டில் அந்தச் சட்டத்தை நான் வைத்துக்கொள்ளவில்லை.

தாளில் பட்டத்துக்குப் போடும் மெல்லிய வர்ணத் தாள்தான் சிறப்பு, வெளிச்சம் ஊடுருவும். பக்கவாட்டு முக்கோணம் பத்து, முன்னும் பின்னும் கூர் முக்கோணம் ஐந்தைந்து, நடு ஐங்கோணம் இரண்டு. விளக்கு வைக்க ஒரு பக்கவாட்டு முக்கோணத்தை ஒட்டாமல் விடுவார்கள். மின்சாரம் வராத வீடுகளில் உள்ளே மெழுகுவர்த்தியோ எண்ணெய் விளக்கோ இருக்கும். வாசலில் நட்சத்திரம் தீப்பிடித்த கதை இல்லாத கத்தோலிக்க வீடு அந்தக் காலத்து மட்டாஞ்சேரியில் இருந்திருக்காது. ஜீரோ வாட் பல்பு வந்தது, பாட்டிமார் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

பசையை மறந்துவிடக் கூடாது. மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் கட்டி தட்டாமல் காய்ச்சி, பூச்சி வராமலிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார்கள். மயில்துத்தம் விஷம் என்பதால் அந்தப் பாத்திரம் அதோடு சமையலறையிலிருந்து தள்ளுபடி. காய்ச்சுவது யார்? அம்மா. மரத்தூளை அரிப்பதும், கேழ்வரகுத் தட்டுக்குத் தினம் தண்ணீர் தெளிப்பதும், எல்லாம் முடிந்தபின் கூடத்தைப் பெருக்குவதும் அவள்தான். ‘அப்பா செய்த நட்சத்திரம்’ என்று பிள்ளைகள் ஊரெல்லாம் சொல்லும். நானும் இதுவரை அப்பா, அப்பா என்றுதான் எழுதிக்கொண்டு வருகிறேன். ஃபெவிகால் 1959-லேயே சந்தைக்கு வந்துவிட்டது என்றாலும் எங்கள் கடையில் சின்ன டப்பாவாக நன்றாக ஓடத் தொடங்கியது எண்பதுகளில்தான். அது அப்பாக்களின் வேலையைக் குறைக்கவில்லை. அம்மாக்களுக்கு ஒரு பாத்திரம் மிஞ்சியது.

காகித நட்சத்திரத்துக்கு ஐரோப்பாவில் வேறொரு கதை இருக்கிறது. ஜெர்மனியில் நீஸ்கி என்ற ஊரில் மொரேவியன் சபையார் நடத்திய விடுதிப் பள்ளியில், 1830-களில், வடிவியல் பாடத்துக்காகப் பையன்களை அட்டையிலும் தாளிலும் நட்சத்திரம் செய்ய வைத்தார்கள். அந்தச் சபையின் மிஷனரிகள் கடல் கடந்த ஊர்களில் ஊழியம் செய்தார்கள், பள்ளி வயதுப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்பி விடுதிகளில் விட்டார்கள். ஆக, அது அப்பா பக்கத்தில் இல்லாத பிள்ளைகள் செய்த நட்சத்திரம். இதே சபையார் 1760-ல் நம் தரங்கம்பாடிக்கு வந்து தோட்டம் போட்டு நாற்பது வருஷம் போல இருந்து பார்த்தவர்கள்தான், ஆனால் அது நட்சத்திரம் பிறப்பதற்கு முந்தைய கதை. அந்தப் பள்ளியில் படித்த வெர்பேக் என்பவர் 1880 வாக்கில் தன் புத்தகக் கடையில் நட்சத்திரத்தையும் அதைச் செய்யும் குறிப்பையும் விற்கத் தொடங்கினார். அவர் மகன் ஹாரி 1897-ல் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் அதைத் தொழிலாகவே ஆக்கிவிட்டார். நாற்கோணக் கூம்பு 17, முக்கோணக் கூம்பு 8, மொத்தம் 25 முனை. பிரித்து அனுப்பி வீட்டில் பூட்டிக்கொள்ளும் வசதியோடு இன்றும் அங்கே விற்பனையாகிறது. காகிதக் கடைக்காரர் அப்பா, நட்சத்திர வியாபாரி மகன் என்று எங்கள் முதலாளிக்கு இந்தக் கதையைச் சொன்னபோது, “அப்போ நம்ம மட்டும் எந்தினா வெறும் தாள் விக்குந்து?” என்று கேட்டார். அடுத்த வருஷமே கடையில் தயார் நட்சத்திரம் தொங்கியது.

எங்கள் பத்துக் குச்சி நட்சத்திரத்துக்கு ஜெர்மனியைவிட நெருங்கிய சொந்தம் பிலிப்பைன்ஸில் இருக்கிறது. அங்கே பாரோல் என்கிறார்கள். 1908-ல் பிரான்சிஸ்கோ எஸ்தானிஸ்லாவ் என்ற கைவினைஞர் மூங்கிலும் தாளும் கொண்டு ஐந்து முனைப் பாரோலைச் செய்தார் என்று அவர்கள் நினைவுகூர்கிறார்கள். எங்கள் ஊர் மாலுமிகள் மணிலாவில் அதைப் பார்த்துவிட்டு வந்து, இது நம்ம வீட்டு வாசலில் தொங்குவதுதானே என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

கார்த்திகைக்கு எங்கள் வீட்டில் மட்டும் ஒரு வேலை உண்டு, மாவலி. அதற்குப் பனை வேண்டும், கொச்சியில் பனை எங்கே? ஊருக்குப் போய் வருகிறவர்கள் கையில் அப்பா சொல்லி அனுப்புவார், ஆண் பனையின் காய்ந்த பூக்கதிர் கொஞ்சம் வரும். குழியில் போட்டு எரித்து, மண்ணால் மூடிக் கரியாக்கி, உப்புச் சேர்த்து இடித்து, பழைய வேட்டித் துணியில் சுருட்டிக் கட்டி, பிளந்த மட்டைக்கு நடுவில் வைத்து இறுக்கி, நுனியில் நெருப்பு வைத்துக் கயிற்றில் சுழற்ற வேண்டும். பொறி வட்டம் வட்டமாகத் தெறிக்கும். ஆறேழு வீட்டு மலையாளப் பிள்ளைகள் வாய் பிளந்து நிற்பார்கள். இதில் பிராட்வேக்கு ஒரு பைசா வியாபாரம் இல்லை. அதனால்தானோ என்னவோ எங்கள் தலைமுறையோடு நின்றுபோயிற்று. கடையில் கிடைக்கிற பண்டிகைப் பொருள் தங்குகிறது, ஆள் விட்டு வரவழைக்கிற பொருள் அப்பா செத்தால் செத்துப்போகிறது.

பாப்பாஞ்சி அப்படிச் சாகவில்லை. ஃபோர்ட் கொச்சியில் வருஷக் கடைசி இரவு பழைய வருஷத்துக் கிழவரின் உருவத்தைக் கொளுத்துவது போர்ச்சுகீசியர் வழி வந்த வழக்கம் என்பார்கள். 1984-ல் கொச்சின் கார்னிவல் தொடங்கியபின் கடற்கரைப் பாப்பாஞ்சி வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. இப்போது இரும்புச் சட்டம், பல ஆள் உயரம், லட்சக்கணக்கில் கூட்டம். 2024 டிசம்பரில் வேலி மைதானத்துப் பாப்பாஞ்சிக்குக் காவல்துறை தடை சொல்ல, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், சுற்றிலும் தடுப்புப் போட்டு எரிக்க அனுமதி வந்தது. அந்த வேலிப் பகுதியில்தான் தமிழ் வண்ணார்களின் தோபிகானா இருக்கிறது. டச்சுப் பட்டாளத்தின் துணி துவைக்க அழைத்து வரப்பட்டவர்கள் என்று தங்கள் வரலாற்றைச் சொல்லும் குடும்பங்கள். எனக்குப் பிடித்தது பெரிய பாப்பாஞ்சி இல்லை, சந்துப் பாப்பாஞ்சி. அப்பாவின் கிழிந்த சட்டை, காற்சட்டைக்குள் வைக்கோலும் கிடங்குச் சாக்கும் திணித்து, தலைக்குச் சட்டி வைத்துத் தாடிக்குச் சணலை ஒட்டுவார்கள். கோட்டு வேண்டுமென்று பிள்ளைகள் அடம் பிடித்தால் கறுப்புத் தாள், எங்கள் கடை. கிழவருக்கு எந்தச் சட்டை என்பதில் வீட்டில் நடக்கும் பேரம் பார்க்க வேண்டியது. வருஷம் முழுக்க அப்பா விடாமல் போட்டுக்கொண்டிருந்த ஒரு சட்டையை அம்மா அன்றைக்குத் தீர்த்துக் கட்டிவிடுவாள்.

பண்டிகையிலிருந்து கைவேலை பள்ளிக்கூடத்துக்கு இடம் மாறிய காலமும் எங்கள் புத்தகத்தில் பதிந்திருக்கிறது. கேரளப் பள்ளிகளில் வேலை அனுபவப் போட்டிகளுக்கு மரியாதை அதிகம். ஈற்றாப் பொருள், சிரட்டைப் பொருள், கயிற்று மிதியடி, காகிதப் பூ, குடை என்று பட்டியல் நீளும். அங்கேயே உட்கார்ந்து செய்து காட்ட வேண்டும். அதற்காக அப்பாக்கள் சாயங்காலம் பயிற்சி கொடுப்பார்கள், எங்களுக்குக் குடைத் துணியும் சார்ட் தாளும் ஓடும். 1962-ல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1970 முதல் ‘யூரேகா’ என்ற சிறுவர் பத்திரிகையைக் கொண்டு வந்தது. தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கத்தின் ‘துளிர்’ 1987-ல் வந்தது. என் பிள்ளைக்காக இரண்டையும் வாங்கினேன். பண்டிகை இல்லாத நாளிலும் எதையாவது செய்யலாம் என்று அப்பாக்களுக்குச் சொன்னது இந்த மாதிரிப் பத்திரிகைகள்.

அந்தச் சமயத்தில்தான் அரவிந்த் குப்தாவின் தீக்குச்சி மாதிரிகளைப் பார்த்தேன். கான்பூர் ஐஐடியில் படித்தவர், 1978-ல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளில் அறிவியல் திட்டத்தோடு சேர்ந்து, சைக்கிள் வால்வு ட்யூபைத் துண்டு துண்டாக வெட்டித் தீக்குச்சிகளை இணைக்கும் முறையைக் கண்டுபிடித்தார். முக்கோணம், சதுரம், வீடு, கூண்டு எல்லாம் அதில் எழும்பும். சதுரத்தை அழுத்தினால் சாயும், முக்கோணம் சாயாது. பாலத்தில் ஏன் முக்கோணமாகவே கம்பி போடுகிறார்கள் என்று பிள்ளைக்கு ஒரு வார்த்தை பேசாமல் புரிய வைக்கலாம். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இதே யோசனை இரும்பில் ஏற்கெனவே இருந்தது. லிவர்பூலில் ஃபிராங்க் ஹார்ன்பி என்பவர் தன் மகன்களுக்காகத் தகட்டைத் துளை போட்டு வெட்டி, திருகு போட்டுப் பூட்டும் விளையாட்டுச் சாமானைச் செய்தார். 1901-ல் காப்புரிமை, 1907-ல் மெக்கானோ என்ற பெயர், பிறகு உலகப் புகழ். அவரும் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதியவர் என்பதில் எனக்கு ஒரு சின்னக் கர்வம் உண்டு. மெக்கானோ எங்கள் சம்பளத்துக்கு எட்டாது. சிவகாசித் தீப்பெட்டி எட்டும். அதற்கு வால்வு ட்யூப் மீட்டர் கணக்கில் கேட்டு பிராட்வேயின் சைக்கிள் சாமான் கடைக்கு நான் போனபோது, “எத்ர மீட்டர்?” என்று கேட்டுக் கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார். ஒரு சைக்கிளுக்கு இரண்டு அங்குலம் போதுமே.

தொண்ணூறுகளுக்குப் பிறகு கதை வேகமாக ஓடியது. மடக்கினால் தட்டையாகிவிடும், விரித்தால் முழு நட்சத்திரமாகும் அட்டை நட்சத்திரம் வந்தது. தாள் கட்டுக் கட்டாகத் தேங்கியது. அந்த வருஷம் ஓடிய படத்தின் பெயரை நட்சத்திரத்துக்கு வைத்துக் கூவி விற்பது வியாபாரிகளின் பழக்கமாயிற்று. பிறகு எல்.ஈ.டி. வந்தது. பள்ளிக்கூட வேலைக்குத் தெர்மாகோல் வந்தது, ராத்திரி எட்டரைக்கு வியர்க்க விறுவிறுக்க ஓடிவரும் அப்பாக்களும் வந்தார்கள். நாளை காலை எரிமலை கொண்டுபோக வேண்டும் என்று பிள்ளை இப்போதுதான் சொன்னதாம். அந்த எரிமலையை விடிய விடிய அப்பா தனியாகச் செய்வார், பிள்ளை தூங்கும். பொருள் முழுசாக விற்கப்படுவதைவிட இது எனக்கு மோசமாகப் பட்டது. கடையில் வாங்கிய நட்சத்திரத்தையாவது இருவரும் சேர்ந்து வாசலில் கட்டினார்கள்.

2020 ஜனவரி 1 முதல் கேரளம் ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. தெர்மாகோல் அலங்காரப் பொருள்களும் அதில் அடக்கம். தடை எவ்வளவு தூரம் நடக்கிறது என்பது வேறு பேச்சு. ஆனால் நான் ஓய்வு பெற்ற பிறகும் டிசம்பரில் கடைப் பக்கம் போய் நிற்பது உண்டு, ஈற்றா இருக்கிறதா என்று கேட்கிற இளவயது அப்பாக்களைத் திரும்பவும் பார்க்கிறேன். குச்சி, தாள், நூல் எல்லாம் அளவெடுத்து ஒரே உறையில் போட்ட கிட்டும் விற்கிறது. பழைய ஆட்கள் அதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். வெர்பேக் விற்றதும் அதுதானே? எங்கள் அப்பா உத்திரத்தில் செருகி வைத்த அளவுக்குச்சியைக் காசுக்கு விற்கிறார்கள், அவ்வளவுதான். அளவு சரியாக இருந்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. சில உறைகளில் முட்டுக் குச்சி நீளமாக இருக்கிறது. வீட்டில் வைத்துப் பார்த்து ஒரு அரை அங்குலம் நறுக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முறியும்.

தனியாக ஈற்றா வாங்குகிறவர்கள் நட்சத்திரக் கடையில் கேட்டு ஏமாற வேண்டாம். சந்தைப் பக்கம் கூடை முறம் விற்கிறவர்களிடம் கேட்டால் கிடைக்கும், டிசம்பர் 10-க்கு முன்னால் போனால் பச்சையாகவே கிடைக்கும். காய்ந்ததுதான் இருக்கிறது என்றால் ஒரு ராத்திரி தண்ணீரில் போட்டுவிட்டுப் பிளக்கலாம். தாள் இரண்டு நிறமாக வாங்குங்கள், எந்த நிறம் என்பதைப் பிள்ளை சொல்லட்டும். ஒரு தாள் கூடவே வாங்குங்கள், முதல் முக்கோணம் எப்படியும் கிழியும்.